முதல் ரெய்கி அமர்வுக்குப் பிறகு தூக்கமில்லை, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன், வயது 46. கடந்த ஞாயிறு காலை இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒருவரிடம் முதல் முறையாக ரெய்கி (கைகளை உடல்மேல் வைத்துச் செய்யும் ஒரு சிகிச்சை முறை) செய்துகொண்டேன். அன்றிலிருந்து ஐந்து இரவுகளாக அதிகாலை 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு தூக்கமே இல்லை. இடது உள்ளங்கையும் சுடுகிறது.

போனதற்குக் காரணம் எட்டு மாதமாக விடாத கழுத்து வலி. இயன்மருத்துவம் செய்தேன், தைலம் பூசினேன்; குறைந்த வலி திரும்பத் திரும்ப வந்தது. 1922இல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கிய முறை இது என்பதுவரை வாசித்துவிட்டே போனேன்.

ரெய்கி செய்பவர் சொன்னபடி காலையில் இரண்டு இடியப்பம் மட்டும் சாப்பிட்டு, தளர்வான பருத்திச் சட்டையோடு போனேன். ஒரு மணி நேரம் மல்லாந்து படுத்திருந்தேன். அவர் அழுத்தவோ உருவவோ இல்லை. கைகளை வெறுமனே வைத்திருந்தார். கழுத்தடியில் வைத்தபோது வெயிலில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல் ஒரு சூடு. அப்பா இறந்தபோதுகூட அழாத நான் சத்தமின்றி அழுதேன். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அந்த அழுகை எனக்குத் தேவைப்பட்டது என்றே நம்புகிறேன்.

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், மாலைத் தேநீரை நிறுத்திவிட்டேன். வைத்தியரிடம் காட்டினேன், இரத்த அழுத்தமும் சீனியும் சரியாக இருக்கின்றன. ரெய்கி செய்தவர் 'உடல் தன்னைச் சுத்தம் செய்கிறது, பொறுங்கள்' என்கிறார். அடுத்த அமர்வு நாளை மறுநாள்.

முதல் அமர்வுக்குப் பிறகு இப்படித் தூக்கம் கெட்டவர்கள், அது சரியாகும்வரை இரண்டாவது அமர்வைத் தள்ளிப்போட்டீர்களா, அப்படியே தொடர்ந்தீர்களா?