புதுப்பிப்பு: நோட்டரி கேட்ட 80 டாலர்

கலிஃபோர்னியாவில் பவர் பத்திரத்தில் இரண்டு கையெழுத்துக்கு ஒரு நோட்டரி 80 டாலர் கேட்டதாக முன்பு எழுதியிருந்தேன். விவரம் பிரித்துக் கேட்டதும் விஷயம் தெளிந்தது. மாநிலச் சட்டப்படி ஒரு கையெழுத்துக்கு 15 டாலர்தான் உச்சவரம்பு. ஆக இரண்டுக்கும் 30. மீதி 50 வீட்டுக்கு வந்துபோன செலவாம். பயணக் கட்டணத்துக்கு அங்கே வரம்பு இல்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா?

அப்புறம், வாங்கிய கட்டணத்தை நோட்டரி தன் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அதைக் காட்டச் சொன்னதும் பேச்சே மாறியது. 45க்கு முடிந்தது.

நியூயார்க் பற்றிக் கேட்டவர்களுக்கு: அங்கே நேரில் செய்தால் வெறும் 2 டாலர், இணையவழி என்றால் 25 வரை.