ஏடிபி கிடைக்கிற வழியை ஏடிபியே அடைக்குமா?

பாசிக்காரி மகள்:
வணக்கம். ஊரு பாம்பன் பக்கம், பிஎஸ்சி உயிர்வேதியியல் ரெண்டாம் வருசம். கிளைக்காலிசிஸ்ல (செல்லு குளுக்கோஸை உடைச்சு ஆற்றல் எடுக்கிற வழி) வர்ற பிஎஃப்கே-1 என்சைமுக்கு ஏடிபி (ATP, செல்லோட ஆற்றல் நாணயம்) வேணும். ஆனா ஏடிபி கூடினா அதே என்சைம் மந்தமாயிடும்னும் நோட்ஸ்ல இருக்கு. எப்படி ரெண்டும் ஒண்ணா நடக்கும்? கிளாஸ்ல கேட்டா "ஃபீட்பேக், எழுதிக்கோ"ன்னு முடிச்சிட்டாங்க.

இன்னொண்ணு. எங்கம்மா மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போறவங்க. விரல்ல துணி சுத்தி, கால்ல தகட்டைக் கட்டி, மூச்சடக்கி முங்குவாங்க. மேல வந்தா தொடை கடுக்குதும்பாங்க. உள்ள ஆக்சிஜன் குறையுதுன்னு தசை செல்லுக்கு யாரு சொல்றது?

பழைய வாத்தியார்:
நல்லாக் கேட்டம்மா. "ஃபீட்பேக்"ங்கிறது பேருதான், பதில் இல்ல.

பிஎஃப்கே-1ல ஏடிபி உக்கார ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு வேலை நடக்குற இடம். அங்க ஏடிபி நல்லா ஒட்டும், கொஞ்சம் இருந்தாலே நிரம்பிடும். இன்னொண்ணு தள்ளி இருக்கு, ஒட்டுறது குறைவு. செல்லுல ஏடிபி தாராளமா இருந்தாத்தான் அது நிரம்பும். நிரம்பினா என்சைம் வடிவம் மாறி, அது மாத்த வேண்டிய சர்க்கரையான ஃபிரக்டோஸ்-6-பாஸ்பேட்டைப் பிடிக்கிற பிடி தளர்ந்துடும். அதாவது ஏடிபி கிடைக்காம நிக்கல, சர்க்கரையைப் பிடிக்க முடியாம நிக்குது. பரீட்சையில இந்த ஒரு வரியை எழுது.

இப்ப உங்கம்மா தொடைக்கு வருவோம். பிஎஃப்கே ஆக்சிஜனை அளக்குறதே இல்ல. ஏடிபி எறங்குறதைப் பாத்து முடிவெடுத்தாலும் லேட்டாயிடும், ஏன்னா செல் அதைச் சுலபத்துல எறங்க விடாது. முதல் சில நொடிக்கு தசையில சேமிச்சிருக்கிற கிரியாட்டின் பாஸ்பேட் ஈடுகட்டும். பிறகு அடினைலேட் கைனேஸ்ங்கிற என்சைம் ரெண்டு ஏடிபியைச் சேத்து... இல்ல, ரெண்டு ஏடிபி இல்ல, ADP, அதாவது ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்து ரெண்டோட நிக்கிற டை-பாஸ்பேட்! (தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத் தெரியுது, இனி டை-பாஸ்பேட்னே சொல்றேன்.) ரெண்டு டை-பாஸ்பேட்ல ஒரு ஏடிபியும் ஒரே பாஸ்பேட் உள்ள ஒரு ஏஎம்பியும் வரும்.

கணக்கைப் பாரு. ஏடிபி 5 மில்லிமோலார்ல இருந்து 4.5க்கு எறங்குனா பத்து சதவீதம்தான். அதுக்குள்ள ஏஎம்பி 0.1ல இருந்து 0.6க்குப் போயிடலாம், ஆறு மடங்கு. செல் உத்துப் பாக்குறது இந்த ஏஎம்பியைத்தான். பர்ஸ்ல ஐநூறு ரூபா நோட்டை எண்ணாம, சேந்துபோன சில்லறையைப் பாத்தே செலவைக் கண்டுபிடிக்கிற மாதிரி. ஏஎம்பி ஏறினா பிஎஃப்கே மேல இருக்குற தடை விலகிடும்.

இதுக்கும் முன்னாடியே கால்சியம் வேலையைத் தொடங்கியிருக்கும். தசையைச் சுருக்குற அதே கால்சியம்தான் தசையில சேமிச்ச சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்கவும் உத்தரவு போடுது. அதனால அவுக கால் உதைக்கும்போதே எரிபொருள் கிளம்பிடும்.

ஆக்சிஜன் குறைஞ்சப்ப கிளைக்காலிசிஸோட கடைசியில வர்றது லாக்டேட், வலிக்கு அதைத் திட்டாதே. கிளைக்காலிசிஸுக்கு வேண்டிய துணைப்பொருளான என்ஏடி பிளஸ்ஸைத் திருப்பிக் கொடுக்கிறது லாக்டேட் உண்டாகுற வினைதான், அது இல்லேன்னா கிளைக்காலிசிஸே நின்னுடும். மறுநாள் வர்ற வலிக்கும் லாக்டேட்டுக்கும் சம்பந்தமில்ல, லாக்டேட் அதுக்கு முன்னாடியே ரத்தத்துல கலந்து போயிடும்.

ஈரல் பிரியன்:
போற இடம் ஈரல்னு சேத்துக்கங்க சார். அங்க லாக்டேட் மறுபடி குளுக்கோஸ் ஆகுது, கோரி சுழற்சி (கோரி தம்பதிக்கு 1947ல நோபல்). ஒரே செல்லுல ஒரு பக்கம் உடைச்சு ஒரு பக்கம் கட்டினா ஏடிபி வீண். அதைத் தடுக்குற பிரதான ஆளு ஃபிரக்டோஸ்-2,6-பிஸ்பாஸ்பேட், 1980ல கண்டுபிடிச்சாங்க. ரத்தத்துல சர்க்கரை குறையும்போது சுரக்கிற குளுக்ககான் ஹார்மோன் வந்தா இது குறையும். உடைக்கிறது அடங்கும், கட்டுறது கிளம்பும்.

பாசிக்காரி மகள்:
ரொம்ப நன்றி சார், அண்ணே. ப்ராஜெக்டுக்குக் கணவாய் மீன் தசையில லாக்டேட் அளக்கலாமா? லேண்டிங்ல ஈசியாக் கிடைக்குது.

ஐஸ் பெட்டி:
நான் மண்டபத்துல கணவாய் தரம் பிரிக்கிற ஆளு. வேணாம் தங்கச்சி, கிட் காசு போயிடும். கணவாய் லாக்டேட்டை நம்பி இல்ல. குளுக்கோஸ் உடைஞ்சு வர்ற பைருவேட்டை ஆர்ஜினின்ங்கிற அமினோ அமிலத்தோட சேத்து ஆக்டோபைனா மாத்துது. என்ஏடி பிளஸ் திரும்பக் கிடைக்கிறது மட்டும் அதே கதை. கிரியாட்டின் பாஸ்பேட்டுக்குப் பதிலா ஆர்ஜினின் பாஸ்பேட். நண்டை எடு, அதுல லாக்டேட் வரும். உயிரோட வாங்கு, ஓட விட்டு ஒண்ணு, சும்மா வச்சு ஒண்ணு.

பழைய வாத்தியார்:
இவரு சொல்றதே சரி. சும்மா வைக்கிற நண்டை ஈரச்சாக்கு போட்டு நிழல்ல வை, பயந்து உதைச்சா அதுலயும் ஏறிடும். தசையை எடுத்த உடனே பெர்குளோரிக் அமிலத்துல போடு. என்சைமை நிறுத்தலேன்னா அளக்குறது நண்டோட லாக்டேட் இல்ல, நீ பஸ்ஸுல வந்த நேரத்தோட லாக்டேட்.