ஆலய நிதி 5,200 வெள்ளி: ஜாஸ் வாங்குவதா, இலவசத் திரைவாசிப்பான் போதுமா?

கோயில் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பழைய தோட்டத்து ஆலயத்தின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இடிந்து, சனம் எல்லாம் டவுனுக்குக் குடிவந்துவிட்டாலும் திருவிழாவை மட்டும் நாங்கள் விடவில்லை. இந்த ஆண்டு திருவிழாவில் மிஞ்சியதும் ஒரு மாணவனுக்கு உதவவென்று தனியாகத் திரட்டியதும் சேர்ந்து 5,200 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது.

எங்கள் தோட்டத்துப் பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவரின் பேரனுக்குப் பத்து வயதிலேயே பார்வை போய்விட்டது. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவத்தில் சேர்ந்திருக்கிறான். தமிழும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறான். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் ஜாஸ் என்ற மென்பொருளை அவனுக்கு வாங்கிக் கொடுப்பதென்று செயலவை முடிவு செய்தது. விலை கேட்டேன். 4,600 வெள்ளி என்றார்கள். மீதி 600 வெள்ளிக்கு எந்தக் கடையில் மடிக்கணினி கொடுப்பார்கள்?

அதே வேலையைச் செய்ய என்.வி.டி.ஏ. என்று ஒன்று சும்மாவே கிடைக்கிறது என்கிறார் ஒருவர். தலைவரோ, “காசில்லாமல் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு மேடையில் மாலை போட்டுக்கொள்ள முடியுமா?” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லயத்து வீட்டுப் பையன்

ஐயா, எனக்கும் பார்வை இல்லை. நீங்கள் சொல்லும் வட்டாரத்தில்தான் வளர்ந்தேன், இப்போது கிள்ளானில் வேலை. இந்தப் பதிவையே என்.வி.டி.ஏ. கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக அதற்கு ஒரு காசு கட்டியதில்லை.

மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற ஆஸ்திரேலியர் இருவர் அதை வளர்த்தெடுத்தார்கள். இருவருமே பார்வையற்றவர்கள். 2006-இல் கரன் தொடங்கினார். கண் தெரிந்தவன் ஒரு கணினி வாங்கினால் திரை அதோடு வருகிறது, நமக்கு மட்டும் அந்தத் திரைக்கு இன்னொரு கணினியின் விலையா என்பதுதான் அவர்கள் கேள்வி. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். விரலளவு பென்டிரைவில் போட்டுக்கொண்டால் பள்ளிக் கணினியில் செருகி அங்கேயும் பேச வைக்கலாம்.

5,200 வெள்ளியில் நல்ல மடிக்கணினியும் காதொலிக் கருவியும் வாங்குங்கள். மிச்சத்தைச் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்குக் கொடுங்கள். தலைவருக்கு மாலை போட வேண்டுமென்றால் மடிக்கணினிக்குப் போடட்டும்.

தொலைபேசிக்காரி

தம்பி, அவசரப்படாதே. நானும் பார்வையற்றவள்தான். ஈப்போவில் ஒரு தனியார் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தொலைபேசி இணைப்பகத்தில் இருக்கிறேன். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. (நமக்குக் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான், அது வேறு கதை.)

எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் கணக்குக்கென்று ஒரு மென்பொருள் உண்டு. யாரோ பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தது. அதில் என்.வி.டி.ஏ.வைப் போட்டுப் பார்த்தேன். “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்றது. எது சேமிப்பது, எது அழிப்பது என்று சொல்லவில்லை. ஜாஸும் முதலில் அப்படித்தான் திணறியது. ஆனால் ஒரு மென்பொருளை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஜாஸுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருக்கிறது, அதை அறிந்த ஆட்களும் இருக்கிறார்கள். ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு நின்றிருக்க வேண்டிய என் வேலை இன்றுவரை ஓடுகிறது.

அந்தப் பையன் நாளைக்கு வேலை தேடிப் போகும்போது, “ஜாஸ் தெரியுமா?” என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. அப்போது என்ன சொல்வான்?

பேராக் புலி

எதற்கு இவ்வளவு பேச்சு? பூட்டு உடைத்த ஜாஸ் பத்து வெள்ளிக்குக் கிடைக்குமே. ஊரே அப்படித்தானே வைத்திருக்கிறது.

லயத்து வீட்டுப் பையன்

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், மறைக்கவில்லை. பதினாறு வயதில் ஒருவர் போட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் பேசியது. ஒருநாள் காலையில் ஊமையாகிவிட்டது. கண் தெரிந்தவனின் கணினி கெட்டால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்ப்பான். எனக்குப் பேச்சு நின்றால் கணினி ஓடுகிறதா, செத்துவிட்டதா என்றே தெரியாது. வீட்டிலும் யாருக்கும் படிக்கத் தெரியாத ஆங்கிலம். மூன்று வாரம் அந்தப் பெட்டியைத் தடவிக்கொண்டு கிடந்தேன். கோயில் பணத்தில் அதைச் செய்யச் சொல்கிறீர்களே, புலி ஐயா.

அக்கா, உங்கள் ஜாஸை யார் வாங்கியது என்று சொல்லவில்லையே?

தொலைபேசிக்காரி

அலுவலகம் வாங்கியது. ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்காக முதலாளி கருவி வாங்கினால் அந்தச் செலவை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அவருக்கும் நட்டமில்லை.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. ஜாஸை உருவாக்கிய டெட் ஹென்டரும் நம்மைப் போன்றவர்தான். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர், 1978-இல் ஒரு விபத்தில் பார்வை போயிற்று. நிரல் எழுதக் கற்று, நிறுவனம் தொடங்கி, 1989-இல் விண்டோஸுக்கு முந்திய டாஸ் கணினிக்கு ஜாஸைக் கொண்டுவந்தார். பார்வையற்ற ஒருவர் தன் உழைப்புக்கு விலை வைத்தால் மட்டும் நமக்கு ஏன் கசக்கிறது? பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மார் கூலி உயர்வு கேட்டுக் கொடிபிடித்தார்கள். பேரப்பிள்ளைகள், “எல்லாவற்றையும் சும்மா கொடு” என்கிறோம். உன் என்.வி.டி.ஏ. நன்கொடையில் ஓடுகிறது. நன்கொடை நின்றால்?

லயத்து வீட்டுப் பையன்

விலை வைத்ததெல்லாம் நின்று நிலைத்ததா, அக்கா? விண்டோ ஐஸ் நினைவிருக்கிறதா? காசு கொடுத்து வாங்கிய திரைவாசிப்பான்தான். கை மாறிக் கை மாறிக் கடைசியில் ஜாஸை விற்கிற குழுமத்திடமே போய்ச் சேர்ந்தது. 2017-இல் நிறுத்திவிட்டார்கள். என்.வி.டி.ஏ. நிறுவனம் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் நிரல் ஊருக்குப் பொது, வேறொருவர் எடுத்து நடத்தலாம்.

ஆளில்லாத சரக்கும் இல்லை. வெப்எய்ம் என்ற அமைப்பு திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் ஜாஸை முதன்மையாகப் பயன்படுத்துவோர் 40.5 விழுக்காடு, என்.வி.டி.ஏ. 37.7 விழுக்காடு.

தொலைபேசிக்காரி

அந்தக் கணிப்பில் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவும் ஐரோப்பாவும். சுங்கை சிப்புட்டிலிருந்து எத்தனை பேர், நீ ஒருவன்தானே? அவர்களுக்கு வேலையிடத்தில் ஜாஸ் கொடுத்துவிடுகிறார்கள், வீட்டில் என்.வி.டி.ஏ.வைச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இருப்பவன் பேச்சு வேறு, ஒன்றுதான் கிடைக்கும் என்பவன் பேச்சு வேறு.

கூலி பற்றிக் கேட்டதற்கும் நீ பதில் சொல்லவில்லை.

செயலவை உறுப்பினர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வருமான வரியில் மாற்றுத்திறனாளி உபகரணத்துக்கு 6,000 வெள்ளி வரை கழிவு உண்டே. பையனின் அம்மாவே ஜாஸை வாங்கிக் கழித்துக்கொள்ளலாமே?

கோயில் கணக்கர்

அந்த அம்மாள் கையுறைத் தொழிற்சாலையில் அடிப்படைச் சம்பளக்காரர். மாதம் 1,700 வெள்ளி. வரி கட்டினால்தானே ஐயா கழிப்பதற்கு? ஜாஸ் அவருக்கு இரண்டே முக்கால் மாதச் சம்பளம், அதுவும் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தால்.

லயத்து வீட்டுப் பையன்

கூலி கேள்விக்கு வருகிறேன் அக்கா, தப்பிக்கவில்லை. கூலி கொடுக்க வேண்டும்தான். யார் கொடுப்பது என்பதுதான் சண்டை. ஜாஸின் விலை என்பது அமெரிக்க அரசு நிறுவனங்களும் முதலாளிகளும் கட்டுவார்கள் என்று நினைத்து வைத்த விலை. அந்த விலைச்சீட்டை அப்படியே கொண்டுவந்து கையுறைத் தொழிற்சாலைக்காரியின் கழுத்தில் மாட்டுகிறோம். ஹென்டர் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலைக்குப் போனால் முதலாளி வாங்கட்டும், உங்கள் முதலாளி வாங்கியதைப் போல. பையன் ஜாஸைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது: உரிமம் இல்லாமலே நாற்பது நிமிடம் ஓடும், பிறகு கணினியை மூடித் திறந்தால் மறுபடி நாற்பது நிமிடம். பழகிப் பார்க்க அது போதும்.

தொலைபேசிக்காரி

பழகிப் பார்க்கப் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதில் ஒரு கட்டுரை எழுதி முடி பார்ப்போம்.

சரி, தமிழ்? பையன் தமிழ் எடுத்திருக்கிறான் என்றாரே கணக்கர். என்.வி.டி.ஏ.வின் தமிழ்க் குரலைக் கேட்டிருக்கிறேன். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு தேவாரம் பாடினாற்போல் இருந்தது.

லயத்து வீட்டுப் பையன்

அது ஈஸ்பீக் குரல். என்.வி.டி.ஏ.வோடு கூடவே வருவது, நூற்றுக்கும் மேற்பட்ட மொழி பேசும். அழகில்லைதான், ஆனால் மின்னல் வேகத்தில் ஓடவிட்டாலும் சொல் பிசகாது. வேண்டாமென்றால் விண்டோஸிலேயே தமிழுக்கு வள்ளுவர் என்று ஒரு குரல் இருக்கிறது, மலாய்க்கு ரிஸ்வான். இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம், காசில்லை. மலாய்க் குரலை அவன் கட்டாயம் போட்டுக்கொள்ளட்டும். ஆங்கிலக் குரலில் மலாய்ப் பாடநூலைக் கேட்பது, அந்தக் காலத்துத் தோட்டத்துத் துரை வாசலில் நின்று மலாய் பேசுவதைக் கேட்பது போலிருக்கும். தேர்வுக்கு முதல் நாள் சிரிப்பு வந்தால் ஆபத்து.

தமிழாசிரியை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஆறாம் படிவத்துக்குத் தமிழ் எடுப்பவள். வேறு பள்ளி. எங்களுக்குள் சுற்றும் குறிப்புகளில் பாதி பழைய எழுத்துருவில் இருக்கின்றன, பாமினி போன்றவை. மீதியில் பாதி, புத்தகத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியவை. இவற்றை உங்கள் மென்பொருள்கள் படிக்குமா?

லயத்து வீட்டுப் பையன்

டீச்சர், நீங்கள்தான் அடிமடியில் கை வைத்திருக்கிறீர்கள்.

பாமினி எழுத்துரு உங்கள் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி, அவ்வளவுதான். “தமிழ்” என்று நீங்கள் பார்க்கிற சொல்லை நான் எழுத்தெழுத்தாகக் கேட்டால், “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்று வரும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன், என் எஸ்.பி.எம். இலக்கியக் குறிப்பு முழுவதும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருந்தால் மட்டுமே தமிழ் தமிழாக வரும். படமாக அனுப்பியதில் எழுத்தே கிடையாது, அதை வேறு செயலியில் கொடுத்து எழுத்தாக்க வேண்டும், பிழையும் வரும்.

தொலைபேசிக்காரி

இதில் ஜாஸுக்கும் அதே கதிதான். 4,600 வெள்ளி கொடுத்தாலும் “ஜே, கே, பி, ஓ” என்றுதான் படிக்கும். குரல் வேண்டுமானால் கொஞ்சம் இனிமையாக இருக்கும்.

பேராக் புலி

அப்படியென்றால் இரண்டும் வேண்டாம், கைப்பேசியே போதுமே? ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, சும்மாதான்.

லயத்து வீட்டுப் பையன்

செய்தி கேட்கவும் ரூபாய் நோட்டைக் காட்டி, மன்னிக்கவும், வெள்ளி நோட்டைக் காட்டி எவ்வளவு என்று கேட்கவும் போதும். பத்துப் பக்கக் கட்டுரையைக் கண்ணாடித் திரையில் தட்டிப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

கோயில் கணக்கர்

கூட்டம் முடிந்தது. இங்கே எழுதியதை எல்லாம் அச்சடித்துக் கொண்டுபோய்ப் படித்தேன். தலைவருக்கு முழு மனமில்லை, ஆனாலும் மடிக்கணினி, காதொலிக் கருவி, என்.வி.டி.ஏ. என்று முடிவாயிற்று. 2,450 வெள்ளி செலவு. 300 வெள்ளியை என்.வி.டி.ஏ. நிறுவனத்துக்கே நன்கொடையாக அனுப்ப வேண்டும் என்று தலைவரே சொன்னார். தொலைபேசிக்காரி அம்மாவின் கூலிப் பேச்சு அவருக்குச் சுட்டிருக்கிறது.

மீதி 2,450 சொல்லித்தர வருபவருக்கு. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 1951-இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, ஆனால் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பள்ளி நாளில் பையன் எப்படிப் போய்வருவான்?

லயத்து வீட்டுப் பையன்

போக வேண்டாம். 2025-இல் வந்த பதிப்பிலிருந்து என்.வி.டி.ஏ.விலேயே தொலைவழி வசதி இருக்கிறது. அவன் சம்மதித்தால் கிள்ளானில் என் வீட்டிலிருந்தே அவன் கணினியை இயக்கலாம், அது பேசுவது எனக்கும் கேட்கும். செவ்வாய், வியாழன் இரவு எட்டரைக்கு மேல் நான் தயார். பணம் வேண்டாம்.

தொலைபேசிக்காரி

பணம் வேண்டாம் என்று சொல்லாதே, வாங்கிக்கொள். இத்தனை நாள் எதற்காகச் சண்டை போட்டேன்? சனிக்கிழமைகளில் நான் ஈப்போவிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வருகிறேன். எந்த விசை எங்கே இருக்கிறது என்று முதலில் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டும், அது தொலைவழியில் நடக்காது. பஸ் டிக்கெட்டை ஆலயம் கொடுக்கட்டும். எக்செல் வேலைக்கு ஜாஸையும் அந்த நாற்பது நிமிடத்தில் காட்டுவேன், நீ தடுக்கக் கூடாது.

கோயில் கணக்கர்

இருவருக்கும் நன்றி. மடிக்கணினி கொடுக்கும் நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் தயாராகிவிட்டது. எல்லாரும் வர வேண்டும். இதோ இணைத்திருக்கிறேன்.

லயத்து வீட்டுப் பையன்

ஐயா, “படம்” என்று மட்டும் சொல்கிறது.

தொலைபேசிக்காரி

எனக்கும் அதேதான். ஜாஸ்.

தமிழாசிரியை

நான் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன், பத்து நிமிடம் கொடுங்கள். கணக்கர் ஐயா, பையனின் ஆசிரியரிடம் சொல்லி அந்தப் பாமினிக் கோப்புகளையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். யூனிகோடுக்கு மாற்றிப் பிழை பார்த்துத் தருகிறேன். செய்யுள் பகுதியிலிருந்து தொடங்கலாம், முதல் தவணைக்கு அதுதான் வருகிறது.