பழைய ஹெச்ஓ இன்ஜின் ஆன்லைன்ல வாங்கலாமுங்களா?

திருப்பூர்_தண்டவாளம்: வணக்கமுங்க. மாடல் ரயிலுக்கு நான் புதுசு. எட்டுக்கு நாலு பலகை, ஹெச்ஓ (நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு அளவு) தண்டவாளம், 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் எல்லாம் தயார். பழைய டீசல் இன்ஜின் ஒண்ணு ஆன்லைன்ல பாதி விலைக்கு வந்திருக்கு. "ரொம்ப நாளா பெட்டியிலயே இருந்தது, ஓட்டிப் பார்க்கலை"ன்னு போட்டிருக்காங்க. வாங்கலாமுங்களா?

போத்தனூர்க்காரன்: வேண்டாமுங்க தம்பி. நானும் முதல் இன்ஜினை அப்படித்தான் வாங்கினேன். பெயின்ட்ல ஒரு கீறல் இல்லை. பவர் குடுத்தா டொக்கு டொக்குனு நொண்டுச்சு. தண்டவாள ஜாயின்ட்தான் சரியில்லைன்னு நெனச்சு மூணு மாசம் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன். கடைசியில அடிமூடியைக் கழட்டினா, ஆக்சில்ல இருக்கிற பிளாஸ்டிக் கியர்ல மயிரிழை விரிசல். அந்த எடத்துல ரெண்டு பல்லுக்கு நடுவுல இடைவெளி அகண்டு போச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் அங்க ஏறி இறங்குது. கோளாறு பாதையிலயா, கன்ட்ரோலர்லயா, இன்ஜின்லயான்னு புதுசா வர்றவங்களுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. முதல் இன்ஜின் புதுசாத்தான் இருக்கோணும்.

சிங்காநல்லூர்_லேத்: இதை நான் ஒத்துக்க மாட்டேனுங்க. மோட்டார் பம்புக்குப் பேர்போன கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு ஒரு சின்ன மோட்டாருக்குப் பயப்படறதா? பல வருஷம் ஓடாத இன்ஜின்ல கிரீஸ் கல்லாட்ட இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தொடைச்சு, பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ் துளி வெச்சா ஓடும். மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கற கார்பன் தேஞ்சிருந்தா மாத்திக்கலாம். புது இன்ஜின்தான் வேணும்னு நின்னா, காசு சேர்க்கறதுக்குள்ள பையனுக்கு ஆசையே விட்டுப் போயிரும்.

போத்தனூர்க்காரன்: அண்ணா, உங்க கை லேத்துல பழகின கை. தம்பி கையில ஸ்க்ரூடிரைவராவது பழக்கமான்னு கேட்டீங்களா? கியர் வெளிநாட்டுல இருந்துதான் வரணும், தபால் செலவு, சுங்க வரின்னு ஆன்லைன்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிரும். இன்னொண்ணு. ஓஓ-ன்னு இன்னொரு மாடல் அளவு இருக்கு. ஓஓ 1:76, ஹெச்ஓ 1:87, ரெண்டுக்குமே பாதை 16.5 மி.மீ. போட்டோவில வித்தியாசம் தெரியாது. ஹெச்ஓ பெட்டிகளோட கோத்து நிறுத்தினாத்தான் ஓஓ இன்ஜின் பெருசா நிக்கறது தெரியும். நடுவுல மூணாவது கம்பியில கரண்ட் எடுக்கற மெர்க்லின் கம்பெனி மாடலா இருந்தா, ரெண்டு பக்கச் சக்கரமும் மின்சாரத்துக்கு ஒண்ணாச் சேர்ந்திருக்கும். நம்ம பாதையில வெச்ச உடனே ஷார்ட்.

மேட்டுப்பாளையம்_அக்கா: எங்கூர்ல புதுசா வர்றவங்க மொதல்ல கேக்கறது நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்தான். அது மீட்டர் கேஜ். ஹெச்ஓ அளவுக்கு 12 மி.மீ. பாதை வேணும், தம்பி போட்ட பாதையில ஏறாது. அது கெடக்கட்டும். தம்பி, விக்கறவங்ககிட்ட வீடியோ கேளுங்க. வேகமா ஓட்டினா எந்த இன்ஜினும் நல்லாத்தான் தெரியும். தண்டவாளத்துக்கு அடியில குறுக்க கெடக்கற ஸ்லீப்பர் கட்டை, அதுல ஒத்தைக் கட்டை தூரத்தை ஊர்ந்து கடக்கோணும், முன்னுக்கும் பின்னுக்கும், நிக்காம. சக்கரத்தோட அடிப்பக்கம் கிட்டத்துல ஒரு போட்டோவும் கேளுங்க. மேல்பூச்சு தேஞ்சு பித்தளை தெரிஞ்சா நெறைய ஓடின வண்டி. ரப்பர் டயர் போட்ட சக்கரம்னா அது வெடிச்சிருக்கான்னு பாருங்க.

சிங்காநல்லூர்_லேத்: அக்கா சொல்றது சரிங்க. வீடியோ தர மாட்டேன்னா விட்டுருங்க தம்பி, அதுல நான் போத்தனூர் அண்ணா பக்கம்.

திருப்பூர்_தண்டவாளம்: வீடியோ வந்துருச்சுங்க. மெதுவா போறப்ப பின்பக்கம் டொக்குனு கேக்குது. விக்கறவங்ககிட்ட சொன்னேன், அவங்களே விலையை இன்னும் குறைச்சிட்டாங்க.

போத்தனூர்க்காரன்: விரிசல்தான், சந்தேகமே இல்லை. இதுக்கு மேலயும் வாங்கறதா? வேண்டாமுங்க.

சிங்காநல்லூர்_லேத்: கியர் விலையைக் கூட்டினாலும் புதுசை விடக் கம்மியா வந்தா எடுங்க. மாத்தறப்ப நாலு ஆக்சிலுக்கும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணு விட்டா மத்ததும் விடும். சக்கரத்தைப் பிடுங்கிப் போடறப்ப ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் மாறிரும், அளந்து வெச்சுக்குங்க. இல்லைன்னா பாதை பிரியற பாயின்ட்ல வண்டி தடம் எறங்கிரும்.