ராணிக்கு அடுத்த சீட்டு ஜோக்கர்: வீட்டுப் போக்கர் அனுபவங்கள்

ஈசூன்வாசி

ரம்மி ஆடிப் பழகிய குடும்பத்துக்கு, எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர் புதிதல்ல. ஆகவே, தீபாவளி மாலையில் பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, போக்கரையும் (ஐந்து சீட்டில் யாருடைய கை உயர்ந்தது என்று காசு வைத்து ஆடும் ஆட்டம்) ஜோக்கர் வைத்தே ஆடலாம் என்று மாமா சொன்னபோது எவரும் மறுக்கவில்லை. அவர் கற்றுக்கொடுத்தது ‘ஃபாலோ த குவீன்’ என்ற ஆட்டம். ஒவ்வொருவருக்கும் 7 சீட்டுகள்: முதல் இரண்டும் கடைசி ஒன்றும் கவிழ்த்து, நடுவில் உள்ள நான்கும் நிமிர்த்து. நிமிர்ந்த சீட்டாக ஒரு ராணி விழுந்தால், அதற்கு அடுத்து நிமிர்ந்து விழும் சீட்டு எந்த எண்ணோ அந்த எண் முழுவதும் எல்லாருக்கும் ஜோக்கர். பிறகு இன்னொரு ராணி நிமிர்ந்து விழுந்தால் பழைய ஜோக்கர் செல்லாது. புதிய ராணிக்கு அடுத்த சீட்டே ஜோக்கர். 7 பேர் ஆடினால் 49 சீட்டுகள் போய்விடும் என்பதால் எட்டாவது ஆளுக்கு இடமில்லை.

இந்த ஆட்டத்தின் சுவாரசியமும் சண்டையும் அந்த ‘செல்லாது’ என்ற இடத்தில்தான் இருக்கின்றன. அன்று எட்டு என்ற எண் ஜோக்கராக இருந்தது. மாமாவிடம் இரண்டு ராஜா, இரண்டு எட்டு, அதாவது நான்கு ராஜாவுக்குச் சமமான கை. அவர் ஒவ்வொரு சுற்றிலும் 50 காசு ஏற்றிக்கொண்டே போனார். கடைசி நிமிர்ந்த சுற்றில் அத்தைக்கு ஹார்ட் ராணியும் அடுத்து எனக்கு ஓர் ஐந்தும் விழுந்தன. அந்த நொடியே மாமாவின் நான்கு ராஜா வெறும் இரண்டு ஜோடியாகச் சுருங்கிவிட்டது. என் கையில் ஜோடியாக இருந்த இரண்டு ‘நான்கு’ சீட்டுகளோடு அந்த ஐந்து ஜோக்கராகச் சேர்ந்து எனக்கு மூன்று ‘நான்கு’ ஆனதால், பணத்தை எடுக்கக் கை நீட்டினேன். அத்தை தடுத்தார். “எங்க அம்மா வீட்டில ராணியும் எப்பவுமே ஜோக்கர்தான்டா,” என்று சொல்லித் தம்மிடம் இருந்த இரண்டு ‘ஒன்பது’ சீட்டுகளையும் ராணியையும் சேர்த்து மூன்று ‘ஒன்பது’ என்று காட்டினார்.

இரண்டு விதமாகவும் மக்கள் ஆடுகிறார்கள் என்பதே உண்மை. சீட்டைக் கலைக்கும் முன் யாரும் பேசி வைக்காததால், நடுவில் இருந்த காசை அடுத்த ஆட்டத்துக்கு அப்படியே விட்டோம். கடைசி நிமிர்ந்த சீட்டே ராணியாக விழுந்து, அதன் பின்னால் நிமிர்ந்த சீட்டு எதுவும் வராவிட்டால் உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

தோ பாயோ கணக்கு வாத்தியார்

ஈசூன் அன்பரே, எங்கள் வீட்டில் அப்படி நேர்ந்தால் அந்த ஆட்டத்தில் ராணி மட்டுமே ஜோக்கர். ராணியை ஜோக்கராக எண்ணாத வீட்டில் ஜோக்கரே இல்லாமல் ஆட வேண்டியதுதான்.

நாங்கள் பெரும்பாலும் ஆடுவது இதைவிட எளியது. ஐந்து சீட்டு கொடுத்து, வேண்டாததை ஒருமுறை மாற்றிக்கொள்ளும் ஆட்டத்தில், கட்டோடு வரும் ஜோக்கர் ஒன்றை மட்டும் சேர்த்து 53 சீட்டாக ஆடுகிறோம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமான 52 சீட்டில் ஐந்து சீட்டு விழும் வகைகளை எண்ணினால், இரண்டு ஜோடி 1,23,552 முறையும், ஒரே எண் மூன்று 54,912 முறையும் வரும். அரிதானதால்தான் மூன்றுக்கு மதிப்பு அதிகம். ஜோக்கர் சேர்ந்தவுடன், ஒரு ஜோடியும் ஜோக்கரும் வைத்திருப்பவர் அதை மூன்றாகவே காட்டுவார் என்பதால் மூன்றின் கணக்கில் 82,368 கூடி 1,37,280 ஆகிவிடுகிறது. இப்போது இரண்டு ஜோடியே அரிது! சரி, வரிசையை மாற்றி இரண்டு ஜோடியை மேலே வைப்போம் என்றால், அதே ஆட்கள் அதே கையை இரண்டு ஜோடியாகக் காட்டுவார்கள். அது 2,05,920 ஆகி, மூன்று மறுபடியும் அரிதாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு நேராகாது. என் மருமகன் இதை நம்பாமல் ஒரு மணி நேரம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சிக்கலுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது: ஜோக்கரை ஏஸாக வைத்துக்கொள்ளலாம், அல்லது ஸ்ட்ரெய்ட்டையும் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) ஃப்ளஷ்ஷையும் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டுகள்) முடிக்கப் பயன்படுத்தலாம், வேறு எதற்கும் ஆகாது. ஐந்து ஏஸ் மட்டும், அந்த இரண்டும் சேர்ந்த ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷுக்கும் மேலே.

உட்லண்ட்ஸ் அண்ணாச்சி

ஜோக்கர் கூடக் கூடச் சின்னக் கைக்கு மதிப்பில்லை. இரண்டு என்ற எண்ணுள்ள நான்கு சீட்டும் ஜோக்கராக உள்ள ஆட்டத்தில், ஒரு ஜோடியை நம்பிக் காசு ஏற்றுபவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் அமர்ந்து ஆடுவதற்குத் தடை இல்லை. ஆனால் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுக்கக் கூடாது. அதே நண்பர்கள் இணையம் வழியாகக் காசு வைத்து ஆடுவதற்கும் அனுமதி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியையும் காணொளியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் யோசனை வந்தபோது, இதைச் சொல்லித்தான் அவரைப் பார்வையாளராக மட்டும் வைத்தோம்.