ஆயிரம் ரேண்ட் இல்லாமல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் காதலியை வெளியே கூட்டிப்போக முடியாதா?

டோங்காட் அண்ணன்:
"பையில் ஆயிரம் ரேண்ட் இல்லாதவன் காதலியை வெளியே கூப்பிடவே கூடாது" என்று நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 1849-இல் தொடங்கிய தோட்டம். அங்கே பனைபோல் நிற்கும் உட்ஸ் சைக்காட் மரத்தை அவளுக்குக் காட்டுங்கள். 1895-இல் ங்கோயே காட்டில் கண்டெடுத்த இனம். ஆண் மரம் மட்டும்தான் கிடைத்தது, அதற்குப் பெண் துணை இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே குளக்கரையில் உட்காருங்கள். திரும்பும்போது மட்டன் பன்னி சௌ, அதுதான் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவார்களே, அதில் கால் ரொட்டி ஒன்று வாங்கி இரண்டு பேரும் சாப்பிடுங்கள். எதற்கு ஆயிரம்?

உம்லாங்கா தம்பி:
எழுதியது நான்தான். கால் ரொட்டி, அதுவும் இரண்டு பேருக்கா? கஞ்சத்தனத்துக்குக் காதல் என்று பெயர் வைக்காதீர்கள் அண்ணா.

பீனிக்ஸ்காரி:
பூங்கா சரி. ஆனால் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். ரொட்டிச் சுவர் ஊறி உடைந்தால் குழம்பு முழங்கை வரை வழியும். நல்ல உடுப்பு போட்டு வந்தவளை ஒரே ரொட்டியில் கை விடச் சொல்வதா?

டோங்காட் அண்ணன்:
ரொட்டியைக் குடைந்து எடுத்த நடுப்பகுதியை மேலே மூடியாக வைத்துத் தருவார்களே, அதைக் குழம்பில் தோய்த்து முதல் வாய் அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று வாங்கினால் அவரவர் மூடி அவரவருக்கு. அப்புறம் என்ன காதல்? ஒன்றுதான் வாங்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் பையன்:
புரட்டாசி மாதத்தில் மட்டன் பேச்சா? பீன்ஸ் பன்னி வாங்குங்கள், விலையும் குறைவு. சாயங்காலம் நார்த் பீச்சில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம், செலவே இல்லை.

பீனிக்ஸ்காரி:
கடலில் மறைவதையா? நம் கடல் கிழக்கே இருக்கிறது. விடியற்காலையில் போனால் உதிப்பதைப் பார்க்கலாம். டர்பனில்தான் பிறந்தீர்களா?

சாட்ஸ்வர்த் பையன்:
பீனிக்ஸில் பிறக்கவில்லை, அது போதும். பன்னி சௌ சாப்பிடவும் நீங்கள் எங்கள் பக்கம்தானே வருகிறீர்கள்.

பீனிக்ஸ்காரி:
போன காவடிக்கு என் காரில் கோயிலுக்கு வந்துவிட்டு பெட்ரோலுக்கு ஒரு சென்ட்கூடத் தராதவர் பேசுகிறார்.

சாட்ஸ்வர்த் பையன்:
அதை இன்னுமா விடவில்லை? கோயிலில் உங்கள் அம்மாவின் பால்குடத்தை வரிசை முழுக்கத் தூக்கி வந்தது யார்?

டோங்காட் அண்ணன்:
சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மட்டனோ பீன்ஸோ, ஒன்றுதான்.

உம்லாங்கா தம்பி:
அவளுக்குப் பசித்தால்?

டோங்காட் அண்ணன்:
அரை ரொட்டியாக வாங்கு. அப்போதும் ஒன்றுதான். நானும் என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்பு கிரே ஸ்ட்ரீட்டில் நின்றுகொண்டே அப்படித்தான் சாப்பிட்டோம். இன்றும் மூடி அவளுக்குத்தான்.

பீனிக்ஸ்காரி:
அண்ணியிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா, அவருக்கு எத்தனை வேண்டும் என்று?

டோங்காட் அண்ணன்:
அவளைக் கேட்க என்ன இருக்கிறது? ஒன்று என்றால் ஒன்று.

உம்லாங்கா தம்பி:
இரண்டு.