தீவுக்காரர்களே சொல்லும் நாவல் வேண்டும்

தீவில் நடக்கும் நாவல்களாகத் தேடிப் படிக்கிறேன். எதை எடுத்தாலும் வெளியாள்தான் வந்து கரையேறுகிறான், சலித்துவிட்டது. 'ராபின்சன் குரூசோ' (1719) கப்பல் உடைந்து ஒதுங்குபவன் கதை. 'டிரெஷர் ஐலண்ட்' (1883) புதையல் வேட்டை. 'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' (1954) கதையில் விமானம் விழுந்து சிறுவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தூவே யான்சனின் 'த சம்மர் புக்' (1972) ஓரளவு நெருங்கி வந்தது. பின்லாந்து வளைகுடாவில் ஒரு குட்டித் தீவு, பாட்டி, பேத்தி. பாறைமேல் இருக்கும் பாசியை ஒருமுறை மிதித்தால் மழைக்கு எழுந்துகொள்ளும், மூன்றாம் முறை மிதித்தால் செத்துவிடும் என்று வருகிற இடம் ஒன்று போதும். ஆனாலும் அவர்கள் கோடைக்கு வந்து போகிறவர்கள்.

நான் தேடுவதற்கு மிக அருகில் இருப்பது 'த ஐலண்ட்மேன்' (1929). அயர்லாந்தின் கிரேட் பிளாஸ்கெட் தீவுக்காரர் ஒருவர் தன் மொழியிலேயே எழுதியது. 1953இல் அங்கிருந்த கடைசிக் குடும்பங்களையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிக்கல், அது தன்வரலாறு.

நூலகப் பட்டியலில் 'தீவு' என்று போட்டால் சுற்றுலாக் கையேடுகள்தான் கொட்டுகின்றன. தமிழிலோ ஆங்கிலத்திலோ கிடைத்தால் சரி, பக்க அளவு பிரச்சினையில்லை. காதல் கதை வேண்டாம், கொலை மர்மமும் வேண்டாம்.

தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் கதை சொல்லும் நாவல் எது படித்திருக்கிறீர்கள்?